பொடியம் கோட்டையும் அதைக் கட்டிய சண்டியரும்

லண்டனிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் ரயிலில் ராபர்ட்ஸ்பிரிட்ஜில் இறங்கி டாக்ஸி பிடித்தால் சீக்கிரமே சஸெக்ஸ் வட்டாரத்திலுள்ள பொடியம் வந்துவிடும். அகழி நிறையத் தண்ணீர், நடுவில் மூலைக்கு ஒரு வட்டக் கோபுரத்தோடு கோட்டை. சினிமா செட் போட்டிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றும். உள்ளே போனால் கூரை கிடையாது. இடிந்த சுவர்களும் புல்தரையும்தான்.

எனக்கென்னவோ கோட்டையைவிட அதைக் கட்டிய சர் எட்வர்ட் டாலிங்ரிக்கைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. சர் ராபர்ட் நோல்ஸ் படையில் பிரான்ஸுக்குப் போய்ச் சண்டை போட்டவர். எலிசபெத் வார்டியூவைக் கல்யாணம் செய்ததில் பொடியம் கைக்கு வந்தது. முன்வாசல் மேலே தன் சின்னத்தோடு மனைவி வீட்டுச் சின்னத்தையும் செதுக்கியிருக்கிறார். நோல்ஸின் சின்னம் பின்வாசலில். பழைய தளபதியை மறக்கவில்லை, பின்பக்கம் வைத்தாலும்!

1384-இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்டின் சித்தப்பா ஜான் ஆஃப் காண்டின் ஆட்களோடு தகராறு. வழக்கு நடக்கும்போதே கையுறையைக் கழற்றி எறிந்து, ஒண்டிக்கு ஒண்டி வரச்சொல்லிச் சவால் விட்டார். ஜெயிலில் போட்டார்கள். அடுத்த வருஷம் அக்டோபரிலேயே கோட்டை கட்ட ரிச்சர்டின் அனுமதி கிடைத்துவிட்டது!

எதிரிகளிடமிருந்து நாட்டைக் காக்க என்றுதான் அனுமதிப் பத்திரம் சொல்கிறது. 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலுள்ள ரை நகரத்தைக் கொளுத்தியிருந்தார்கள், பயம் பொய்யில்லை. ஆனால் அகழித் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது வெறும் மண்கரை. மண்வெட்டியோடு ஆட்கள் வந்தால் வெட்டி வடித்துவிடலாம். உள்ளே எண்ணினால் 28 கழிப்பறை, 30-க்கு மேல் கணப்பு அடுப்பு, ஒரு கோபுரத்தின் மேல் புறா மாடம் வேறு. போருக்குக் கொஞ்சம், பக்கத்துப் பிரபுக்கள் பார்த்துப் பொருமுவதற்கு நிறைய என்பது என் கணிப்பு.

1392-இல் லண்டன்காரர்கள் ராஜாவுக்குக் கடன் தர மறுத்தார்கள். மேயரைத் தூக்கிவிட்டு டாலிங்ரிக்கை நகரப் பொறுப்பாளராக (வார்டன்) உட்காரவைத்தார் ரிச்சர்ட். ஒரு மாதத்திற்குள் அவரையும் மாற்றிவிட்டார். ஊர்க்காரர்களிடம் ரொம்ப மென்மையாக நடந்துகொண்டாராம். சஸெக்ஸ் சண்டியருக்கு இப்படி ஒரு புகார்! அதன்பின் அதிக நாள் அவர் உயிரோடு இல்லை.

கோட்டையை 1917-இல் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்தவர் நமக்குத் தெரிந்தவர்தான்: வங்காளத்தைப் பிரித்த அதே கர்ஸன் பிரபு. 1925-இல் அவர் இறந்ததும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போனது.

டென்டர்டெனிலிருந்து பொடியத்துக்கு நீராவி ரயிலும் உண்டு. எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.