காவிரி கடலில் சேரும் இடம்

இன்று காலை பூம்புகாரில் ஒரு பையன் காவிரியை நடந்தே கடந்தான்.

முழங்காலுக்கு மேல் நனையவில்லை. கையில் பிடித்திருந்த செருப்பில்கூட ஒரு சொட்டு படவில்லை.

"இதுவாங்க காவிரி? எங்க திருச்சியில பாலம் முடியவே முடியாதே!" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா. முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

கடலை நெருங்க நெருங்க ஆறு அகலும் என்றுதான் நினைப்போம். காவிரி மெலிந்துகொண்டே வருகிறது.

முக்கொம்பில் வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு என்று கிளைகள். வயலுக்குள் போன தண்ணீர் போக மிச்சம்தான் இங்கே வருவது.

பிரித்துக் கொடுப்பதும் சும்மா நடந்துவிடவில்லை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. இருநூறு வருஷம் முன்பு கொள்ளிடம் பிரியும் இடத்தில் காவிரியின் வாய் மண்மேடிட்டு, தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே இறங்கிப் போனது. தஞ்சை வயல்கள் தவித்தன. 1836ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது அதைத் தடுக்கத்தான். கரிகாலன் கல்லணையும் அவருக்குப் பாடமாக இருந்தது. இரண்டாயிரம் வருஷத்து அணையைப் பார்த்து ஒரு பொறியாளர் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

மெலிந்த காவிரியைப் பார்த்து வருத்தமில்லை. வயலுக்குப் போயிருந்தால் சந்தோஷமே.

ஆனால் போய்ச் சேர்ந்ததா?

மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்தால் பேப்பரில் பூத்தூவும் படம் வருகிறது. கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதியையும் அதே பக்கத்தில் போடுங்கள். நாற்று விட்டுக் காத்திருப்பவர்களுக்கு அந்தத் தேதிதான் முக்கியம்.