பத்தொன்பது விரல்கள்: ஒரு பல்லியைத் தேற்றி எடுத்த அனுபவம்

மூன்றாவது முறை மருத்துவரிடம் போய்வந்த இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கு முந்தைய ஏழு வாரங்களாக என் லெப்பர்டு கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) சரியாகத் தின்னவில்லை. கொழுப்பைச் சேமித்து வைக்கும் அதன் தடித்த வால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு விரலின் நுனி உதிர்ந்தும் போனது. இவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்கவே வேண்டாதவை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொட்டி வாங்கியது, பாறைகளையும் ஒளிவிடங்களையும் அடுக்கியது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. சிக்கல் சூட்டில்தான் தொடங்கியது. தரைக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு (ஹீட் மேட்) வாங்கியபோது, அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் கடைக்காரரிடம் கேட்டேன். "இந்த ஹீட் மேட் அளவுக்கு மேல் சூடாகாது, அதெல்லாம் வீண் செலவு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வெப்பமானி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது 29 டிகிரி காட்டியது. எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தேன். பல்லியோ குளிர்ந்த மூலையை விட்டு நகரவே இல்லை. சுவர்க்கோழிப் பூச்சி முகத்துக்கு நேரே நடந்து போனாலும் தலையைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து, அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி ஹீட் மேட்டுக்கு மேலிருந்த ஓட்டுத் தரையில் காட்டினேன். 43 டிகிரி! கண்ணாடியில் ஒட்டியிருந்தது பாதி உயரத்துக் காற்றின் சூட்டைக் காட்டிக்கொண்டிருக்க, பல்லி வயிற்றை வைக்க வேண்டிய தரை கொதித்துக் கிடந்திருக்கிறது. இந்தப் பல்லிக்குச் சூடான பக்கத்தின் தரை 32 டிகிரியை ஒட்டியும், மறுபக்கம் 25ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். தின்றது செரிப்பதற்கு அந்தச் சூடு தேவை. சூடான பக்கம் போனால் சுடும், போகாவிட்டால் செரிக்காது. அது வேறு என்னதான் செய்யும்?

அன்றே தெர்மோஸ்டாட் வந்தது. அதன் உணரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்லி படுக்கும் தரையின் மேற்பரப்பிலேயே, அது தோண்டி நகர்த்த முடியாதபடி வைத்து, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். உணரி இடம் மாறிக் குளிர்ந்த இடத்துக்குப் போய்விட்டால், ஹீட் மேட் நிற்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் ஒட்டு நாடாவை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் மாட்டிக்கொள்ளும் பல்லியின் தோல் கிழிந்துவிடும்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. சட்டை உரிக்கும் நேரத்தில் உடல் வெளுத்தது. மறுநாள் முதுகும் தலையும் பளிச்சென்று ஆகிவிட்டன. உரித்த தோலை அதுவே தின்றுவிடும் என்பதால் நானும் கால்களைக் கவனிக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பார்த்தால், பின்னங்காலின் மூன்று விரல்களில் பழைய தோல் மோதிரம்போல் இறுகியிருந்தது. ஒன்றின் நுனி கறுத்துவிட்டது. ஈரமான பாசி போட்ட ஒளிவிடம் ஒன்று தேவை என்பதைப் படித்திருந்தும், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

வெதுவெதுப்பான நீரைப் பாதம் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, கால் மணி நேரம் அதில் நிற்கவிட்டேன். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தள்ளினேன். இரண்டு விரல்களில் கழன்று வந்தது. உலர்ந்த தோலை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். உயிருள்ள தோலும் சேர்ந்து வந்துவிடும். மூன்றாவது விரலைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தப் பல்லிக்கு வால் போனால் மீண்டும் முளைக்கும், விரல் முளைக்காது.

சூடு சரியான பிறகும் எடை ஏறவில்லை. முதல் நாள் 38 கிராம், இப்போது 33. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. கண்ணால் பார்த்து மட்டும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மருத்துவமனைக்கு முன்பதிவு செய்தபோது, பல்லி என்று தெளிவாகச் சொன்னேன். வரவேற்பில் இருந்தவர் "எல்லா விலங்கும் பார்ப்போம்" என்றார். போய்க் காத்திருந்த பிறகு, நாயும் பூனையும் மட்டுமே பார்ப்பதாக மருத்துவரே வருத்தத்துடன் சொன்னார். அசைவே ஒத்துக்கொள்ளாத, மெலிந்துபோன ஓர் உயிரைப் பெட்டியில் வைத்து அலைக்கழித்ததுதான் மிச்சம். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதைப் பல்லி வீட்டுக்கு வரும் முன்பே, மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துவையுங்கள்.

இரண்டாவது பயணம் சரியான மருத்துவரிடம்தான். ஆனால் எச்சம் கேட்டார். நான் கொண்டுபோனது இரண்டு நாளாகக் காய்ந்த துண்டு. அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். கறுத்த பகுதிதான் வேண்டும், வெள்ளையாக இருப்பது சிறுநீர்க் கழிவு. விழுந்த உடனே எடுத்து, காற்றுப்புகாத சிறு டப்பாவில் ஈரத்தோடு மூடி, உணவிலிருந்து தள்ளிக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். தின்னாத பல்லி எச்சமிடுவதும் அரிது. ஐந்து நாள் விடியலில் எழுந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் கிடைத்தது.

நுண்ணோக்கியில் நூல்புழு முட்டைகள் ஏராளமாகத் தெரிந்தன. கொஞ்சம் இருந்தால் பல்லி தாங்கிக்கொள்ளும். சூடு தவறித் தளர்ந்த உடலில்தான் அவை பெருகிவிட்டன என்று மருத்துவர் விளக்கினார். எடையைக் கணக்கிட்டு ஃபென்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்தைக் கொடுத்தார். என் எடைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

மருந்தைவிடத் துப்புரவுதான் பெரிய வேலை. தொட்டியில் கிடக்கும் முட்டைகளே மறுபடி வயிற்றுக்குள் போகும். மண்ணையும் மரத்துண்டுகளையும் எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு விரித்தேன். எச்சம் விழுந்தவுடன் மாற்றினேன். அந்தப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவில்லை. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். புதிதாக வந்த பல்லியைக் கவனித்துப் பார்க்கும் தனிமைக் காலத்தை முதல் நாளிலேயே காகிதத்தின் மேல் தொடங்கியிருந்தால், புழுவும் முன்பே தெரிந்திருக்கும்.

மறுபரிசோதனையில் முட்டை இல்லை. எடை இப்போது 44 கிராம். கால்சியம் தூவிய பூச்சியைக் காட்டினால் வால் நுனியை நடுக்கி, குறிவைத்துப் பாய்கிறது. நேற்று இரவு ஈரப் பாசிக்குள் போய்ச் சட்டை உரித்தது. டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எண்ணினேன். பத்தொன்பது விரல்களும் சுத்தமாக இருந்தன.