69 கேமரோவில் நாக் சென்சர்: இதுவரை நடந்தது

வண்டி 1969 கேமரோ எஸ்எஸ் 350. உள்ளே இருப்பது எல்48 ஸ்மால் பிளாக், அதாவது ஷெவ்ரலேயின் சிறிய வகை வி8 எஞ்சின், 350 கன இஞ்ச். ஷெவ்ரலே கணக்கில் 300 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 10.25-க்கு 1. ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோல் கிடைத்த காலத்து எண் அது. இன்றைக்குக் கலிபோர்னியா பெட்ரோல் பங்குகளில் பிரீமியம் என்றால் 91 ஆக்டேன்தான் (ஆக்டேன் எண் கூடக்கூட பெட்ரோல் நாக்கைத் தாங்கும்). கோடையில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து கிளம்பி கிரேப்வைன் மேட்டில் ஏறும்போது எஞ்சின் நாக் ஆகிறதோ என்ற சந்தேகம் ரொம்ப நாளாகவே உண்டு. ஹெடர்ஸ் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் புகைக்குழாய்கள்), இரட்டை சைலன்சர், ஏசி இல்லாததால் இறக்கிவிட்ட கண்ணாடி, இத்தனை சத்தத்துக்கு நடுவில் அது காதில் விழுவது அதிர்ஷ்டம்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி சில புள்ளிகள். அதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

நாக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்பார்க் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போதே, கடைசி மூலையில் எரியாமல் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே நேரத்தில் வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு நடுவே மோதி மோதித் திரும்புவதுதான் நாம் கேட்கும் சத்தம். கொஞ்சம் வந்தால் பாதகமில்லை. பாரத்தோடு தொடர்ந்து வந்தால் பிஸ்டனும் ரிங்கும் போய்விடும்.

இந்த அதிர்வை எஞ்சின் பிளாக்கிலிருந்து கேட்டுச் சொல்வதுதான் நாக் சென்சர். தொழிற்சாலையிலிருந்தே அதோடு வந்த ஆரம்பகால வண்டிகளில் 1978 ப்யூக் டர்போ வி6 ஒன்று. அதில் சென்சர் சத்தம் கேட்டதும் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) தானே பின்னுக்கு இழுக்கும் பெட்டியும் இருந்தது. நான் அந்த வேலைக்குப் போகவில்லை. வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் எடையும் ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கட்டும். எந்த சிலிண்டரில், எப்போது நாக் ஆகிறது என்று தெரிந்தால் போதும், மீதியை ஸ்பேனரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சென்சரை எங்கே வைப்பது? ஸ்மால் பிளாக்கில் இதற்கு நல்ல பதில் ஏற்கெனவே இருக்கிறது. பிளாக்கின் இரண்டு பக்கமும் கீழே, ஆயில் பேனுக்குச் சற்று மேலே, தண்ணீர் வடிக்க ஒரு பிளக் உண்டு. கால் இஞ்ச் பைப் மரை. எண்பதுகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்த கேமரோக்களில் ஜிஎம் நாக் சென்சரை வைத்ததும் இந்த ஓட்டையில்தான். வலது பக்கத்து பிளக்கைக் கழற்றினேன், ஒரு சொட்டு வரவில்லை. ஐம்பது வருடத் துருச்சேறு உள்ளே கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்திய பிறகுதான் காபி நிறத்தில் வந்தது. பழைய பிளாக்கில் இதைச் செய்கிறவர்கள் அந்தச் சாக்கில் கூலன்ட் முழுவதையும் அலசிவிடுவது நல்லது.

ஜிஎம்மின் பழைய சென்சர்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் நன்றாகக் கேட்பவை. எந்த எஞ்சினுக்கு எந்த சென்சர் என்று பொருத்தம் பார்க்க வேண்டும். அதனால் நடுவில் ஓட்டை உள்ள வளையம் போன்ற பாஷ் சென்சரை எடுத்தேன். அது ஒரு பெரிய அலைவரிசை முழுவதையும் கேட்கும், வேண்டியதை நாம் வடிகட்டிக்கொள்ளலாம். 8 மி.மீ. போல்ட், 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இந்த முறுக்கைக் கண்மதிப்பில் விடக்கூடாது, சென்சர் தரும் சிக்னலின் அளவே அதைப் பொறுத்தது. வாஷர் போடக்கூடாது. பைப் மரையிலிருந்து 8 மி.மீ. மரைக்கு மாற்றும் துண்டை லேத்தில் இரும்பில் கடைந்து வாங்கினேன். கடையில் கிடைக்கும் பித்தளைத் துண்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்சரின் வயர் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ளது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ஸ்பார்க் பிளக் வயர்கள் ரெசிஸ்டன்ஸ் உள்ளவையாக இருப்பது முக்கியம். ரேஸ் வண்டிகளில் போடும் வெறும் செம்புக்கம்பி வயராக இருந்தால் சென்சருக்கு ஸ்பார்க் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது.

இனி எந்த அதிர்வெண்ணைத் தேடுவது என்ற கேள்வி. 900-ஐ, பை பெருக்கல் சிலிண்டரின் ஆரம் (மி.மீ.) என்ற எண்ணால் வகுத்தால் விடை கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும் என்பது பழகிப்போன சூத்திரம். 350-யின் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 இஞ்ச், அதாவது 101.6 மி.மீ.; ஆரம் 50.8. விடை 5.6 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே 9.4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அடுத்த அதிர்வு இருக்கும். கணக்கை மட்டும் நம்பாமல் டீன்ஸி 4.0 என்ற சிறு கணினி போர்டில் சிக்னலை அப்படியே மெமரி கார்டில் பதிவு செய்து, வீட்டில் ஆடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 5.6 பக்கத்தில் மேடு இருந்தது உண்மைதான். ஆனால் வால்வு தட்டும் சத்தமும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. 3000 ஆர்பிஎம்முக்கு மேலே 9.4 தான் தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. இப்போது இரண்டையும் கணக்கில் எடுக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நேரத்தைப் பிடிப்பது. நாக் எப்போது வேண்டுமானாலும் வராது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள்தான் வரும். அந்த ஜன்னலில் மட்டும் காதைத் திறந்தால் பாதி இரைச்சல் கழிந்துவிடும். வி8-இல் 90 டிகிரிக்கு ஒரு ஃபயரிங் என்பதால் ஒரு சிலிண்டரின் ஜன்னல் அடுத்ததன் மேல் விழாது. 3000 ஆர்பிஎம்மில் 60 டிகிரி என்பது 3.3 மில்லி நொடி. டீன்ஸிக்கு அது தாராளம். ஸ்பார்க்கை வைத்து ஜன்னலைத் திறக்க முடியாது, ஏனென்றால் வாக்யூம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் அமைப்பு) ஸ்பார்க்கையே இழுத்து இழுத்து விளையாடும். கிராங்க் புல்லியின் பின்பக்கம் சிறு குழி தோண்டி ஒரு காந்தத்தை எபாக்ஸியில் பதித்து, எதிரே காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சர் வைத்தேன். எந்தச் சுற்று முதல் சிலிண்டருக்கு உரியது என்று தெரிய, 1-ஆம் பிளக் வயரில் ஒரு கிளாம்ப். அங்கிருந்து சிலிண்டர்கள் பற்றும் வரிசைப்படி 1-8-4-3-6-5-7-2 என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

எவ்வளவு சத்தம் வந்தால் நாக்? எஞ்சின் வேகம் கூடக்கூட சாதாரண சத்தமும் கூடும், ஆகவே ஒரே எண் போதாது. இங்கே சில பங்குகளில் 100 ஆக்டேன் ஈயமில்லா பெட்ரோல் கிடைக்கிறது. விலையைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும், ஆனால் ஒரு டேங்க் அதை ஊற்றி ஓட்டினால் நாக்கே இல்லாத எஞ்சினின் சத்தம் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பதிவாகிவிடும். அதற்கு இரண்டரை மடங்கு தாண்டினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும்படி வைத்தேன். வலது பக்க ஒற்றைச் சென்சருக்கு 2, 4, 6, 8 நன்றாகக் கேட்கும். எதிர்ப்பக்கத்து 7 மிகவும் மங்கல். அதனால் இடது பக்க ஓட்டையிலும் இன்னொரு சென்சர் வைத்துவிட்டேன். இருந்தும் 2-ஆம் சிலிண்டர் அவ்வப்போது பொய் சொல்கிறது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் அதன் பக்கத்திலேயே இருப்பது காரணமாக இருக்கலாம்.

சரி, கிரேப்வைனில் என்ன ஆயிற்று? பெடலைத் தரையோடு அழுத்தினால்தான் நாக் வரும் என்று நினைத்திருந்தேன். அங்கே விளக்கு எரியவே இல்லை. எரிந்தது நாலாவது கியரில், மணிக்கு 55 மைலில், 2400 ஆர்பிஎம்மில், அரைப் பெடலில். அதுவும் மேட்டின் அடிவாரத்தில். மேலே போகப்போகக் காற்று மெலிந்து தானாகவே குறைந்தது. அதிகம் காட்டியது 7-ஆம் சிலிண்டர். டைமிங் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்கும் அடிப்படை டைமிங்கான இனிஷியல், பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னால்; எடைகள் தருவது அந்த வேகத்தில் 20 அளவு. மேனிஃபோல்டில் இன்னும் 10 இஞ்ச் (பாதரச அளவில்) வாக்யூம் மிச்சம் இருப்பதால், வாக்யூம் அட்வான்ஸை இயக்கும் வாக்யூம் கேன் அதன் பங்குக்குப் பதின்மூன்று டிகிரி போலச் சேர்க்கிறது. பாரம் ஏறும் நேரத்தில் 43 டிகிரி! முழுப் பெடலில் வாக்யூம் விழுந்துவிடுவதால் அங்கே 34-ஐத் தாண்டுவதில்லை.

இனிஷியலைக் குறைப்பதில் அர்த்தமில்லை, எல்லா இடத்திலும் வண்டி சோம்பிவிடும். ஆலன் கீயால் திருகும் வாக்யூம் கேன் ஒன்றை மாட்டி, 10 இஞ்சுக்கு மேல்தான் இழுக்கும்படி வைத்து, கேன் சேர்ப்பது மொத்தம் 10 டிகிரியைத் தாண்டாதபடி ஒரு தகடும் வைத்தேன். 91 ஆக்டேனில், நல்ல வெயிலில், அதே மேட்டில் இப்போது 7-ஆம் சிலிண்டர் எப்போதாவது ஒன்றிரண்டு முறை கண் சிமிட்டுகிறது, மற்றவை இல்லை. நெடுஞ்சாலையில் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கியிருக்கும். அது எனக்குச் சம்மதம்.

அடுத்து 7-க்குக் கலவை மெலிதாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பைப்பில் மட்டும் ஒரு ஆக்சிஜன் சென்சருக்கு இடம் வெல்டு செய்யலாம் என்று இருக்கிறேன், ஹெடரைக் கழற்றும் மனம் வந்தால்.