அனுப்பியவரும் வைத்திருந்தவரும்

ஒருவர் எழுதிய கடிதங்கள் அவரிடம் இருப்பதில்லை. யோசித்தால் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆயினும் எங்கள் காப்பகத்துக்கு ஆய்வுக்காக வருகிறவர்களில் பலருக்கு இதை முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் போன்ற ஒருவரின் தொகுப்பில் கடிதப் பகுதியைத் திறந்தால், பிறர் அவருக்கு எழுதியவைதான் பெரும்பாலும் கண்ணில் படும். அவர் எழுதியவற்றைப் படிக்க வேண்டுமானால், யார் யாருக்கு எழுதினாரோ அவர்களுடைய பெட்டிகளை ஊர் ஊராகத் தேடிப் போக வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கடிதங்களையும் ஒளிப்படங்களையும் வகைப்படுத்தி விவரப் பட்டியல் எழுதுவது என் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, அதிபர்களோடும் தளபதிகளோடும் எழுத்தாளர்களோடும் நாளைக் கழிப்பதாகத் தோன்றும். எனக்கோ, அவர்களிடமிருந்து ஒரு கடிதத்தையோ படத்தையோ பெற்று அதை எறிந்துவிடாமல் வைத்திருந்த முன்பின் தெரியாத மனிதர்களோடுதான் பெரும்பாலான நேரம் போகிறது.

தான் அனுப்பும் கடிதத்தின் நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் அக்காலத்தில் ஒரு வழி இருந்தது. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற நகல் முறை, நூறாண்டு கழிந்த பின்னும் அமெரிக்க அலுவலகங்களில் அன்றாடப் பழக்கமாக இருந்தது. நகலெடுப்பதற்கென்றே செய்த மையால் எழுதிய கடிதத்தை, ஈரப்படுத்திய மெல்லிய தாள்கள் கொண்ட தடித்த புத்தகத்துக்குள் வைத்து, இரும்புத் திருகு அழுத்தியில் இறுக்கினால், மையின் ஒரு பகுதி அந்தத் தாளில் இறங்கும். இறங்குவது இடவலம் மாறிய எழுத்து. ஆனால் தாள் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படித்துக்கொள்ளலாம். இந்தப் புத்தகங்களை இன்று புரட்டுவது வெங்காயச் சருகைக் கிழிக்காமல் உரிப்பதற்கு ஒப்பானது. ஈரம் கூடிய பக்கங்களில் எழுத்து படர்ந்து கலங்கியிருக்கிறது. ஈரம் போதாத பக்கங்களில் பாதி வரிகள் பதியவே இல்லை. ஒரு மாநில ஆளுநர் ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன எழுதினார் என்பது இன்று நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், அன்று காலையில் அந்தத் தாளில் தண்ணீர் தடவிய எழுத்தரின் பொறுமையைப் பொறுத்ததாக இருக்கிறது.

தட்டச்சுப் பொறி வந்ததும் வேறு விதமான சிக்கல் தொடங்கியது. ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன; சிறிய எழுத்துகளும் சேர்ந்தது 1878-இல் வந்த இரண்டாம் மாதிரியில்தான். எனவே முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடித்த கடிதம் ஒன்று கைக்கு வந்தால், தேதி இல்லாவிட்டாலும் எந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு கிடைத்துவிடும். ஆனால் கையெழுத்தை வைத்து எழுதியவரை அடையாளம் காணும் வசதி இங்கே போய்விடுகிறது. மிஞ்சுவது கையொப்பம், அதையும் தலைவருடையதைப் போலவே போடப் பழகிய செயலாளர்கள் அக்காலத்தில் உண்டு.

எது மிஞ்ச வேண்டும், எது அழிய வேண்டும் என்பதை முடிவு செய்ததில் குடும்பத்தாருக்கும் நெருப்புக்கும் சம பங்கு உண்டு என்று எனக்குச் சில நாட்களில் தோன்றும். 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, செப்டம்பர் 19 அன்று இறந்தார். அவருடைய மனைவி லுக்ரீஷியா, ஒஹையோ மாநிலத்தின் மென்டர் ஊரில் இருந்த வீட்டோடு ஒரு நினைவு நூலகத்தைச் சேர்த்துக் கட்டி, கணவரின் தாள்களுக்கென்று தீப்பற்றாத பெட்டக அறையும் அமைத்தார். கார்ஃபீல்டுக்குப் பின் அதிபரான செஸ்டர் ஆர்தரோ, 1886 நவம்பரில் தாம் இறப்பதற்குச் சற்று முன்பு, தம் தாள்களில் பெரும்பாலானவற்றை எரிக்கச் செய்தார். டக்ளஸின் ராச்செஸ்டர் வீடு 1872-இல் எரிந்தபோது அவருடைய பத்திரிகைத் தொகுப்புகளும் சேர்ந்தே போயின; அது அவர் விரும்பி நடந்ததன்று. ஆர்தரின் நெருப்பு திட்டமிட்டது.

அந்த நெருப்புக்குத் தப்பியவற்றுள் ஜூலியா சேண்ட் என்ற பெண் எழுதிய 23 கடிதங்கள் உண்டு. முப்பது வயதைத் தாண்டிய அவர், நியூயார்க்கில் உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்தவர். ஆர்தருக்கு அறிமுகமே இல்லாதவர். கார்ஃபீல்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த 1881 ஆகஸ்ட் இறுதியில், அடுத்து அதிபராகப் போகிறவருக்கு அவர் எழுதிய முதல் கடிதம் எந்த முகமனுக்கும் இடம் கொடுக்கவில்லை. மக்கள் துயரத்தில் இருப்பது அவர் சாகிறார் என்பதைவிட, அவருக்குப் பின் நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காகத்தான், இது உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, பெரிய நெருக்கடி ஒரு மனிதனுக்குள் உறங்கிக் கிடக்கும் நல்ல குணங்களை எழுப்பக்கூடும், திருந்துங்கள் என்று தொடர்ந்தார். ஆர்தர் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முன்னறிவிப்பின்றி அவருடைய வீட்டுக்கே சென்று பார்த்தார். கட்சிச் சலுகையாக அரசு வேலை கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்த அதே ஆர்தர், 1883 ஜனவரியில் தகுதித் தேர்வின் அடிப்படையில் அரசுப் பணி வழங்கும் பெண்டில்டன் சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்தக் கடிதங்களால்தான் அப்படிச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்துக்குப் பின்னால் கார்ஃபீல்டின் கொலையும் 1882 தேர்தலில் ஆர்தரின் கட்சி கண்ட தோல்வியும் இருந்தன. ஆனால் எத்தனையோ அரசியல் தாள்களை எரிக்கச் சொன்னவர், தம்மை இடித்துரைத்த ஒரு பெண்ணின் கடிதங்களை வைத்திருந்தார். ஆர்தரின் பேரனிடமிருந்து அவை அமெரிக்க தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு வந்து சேர்ந்தது 1958-இல்.

வைத்திருப்பதிலும் பல வகை உண்டு. அக்காலத்தில் கையொப்பம் சேகரிப்பது ஒரு தொற்று போலப் பரவியிருந்தது. முகம் தெரியாதவர்கள் தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு தலைவர்களுக்கு எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் தபால்தலைக்குப் பதிலாக உறையின் மேல் கையொப்பமிட்டு இலவசமாக அனுப்பும் உரிமை 1873 வரை நடப்பில் இருந்ததால், உறையின் மூலையை வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டவர்களும் ஏராளம். இதில் எனக்குப் பொறுக்காதது கடிதத்தையே வெட்டியவர்களின் செயல். நான்கு பக்கமாக மடித்த தாளின் மூன்றாம் பக்கத்தில் கடிதம் முடிந்து கையொப்பம் இருக்கும். கத்தரிக்கோல் அதைச் செவ்வகமாக எடுத்தபோது, அதே தாளின் மறுபுறமான நான்காம் பக்கத்தில் பின்குறிப்பாக எழுதியிருந்த சில வரிகளின் நடுப்பகுதியும் சேர்ந்து போயிருக்கும். இடப்பக்கம் 'நான் ஒருபோதும்' என்று தொடங்கும் வரி, ஓட்டைக்கு அப்பால் 'நம்ப முடியவில்லை' என்று முடிகிறது என்றால், இடையில் இருந்தது என்ன என்பதை ஊகிக்கக்கூட எனக்கு உரிமை இல்லை. பட்டியலில் 'கையொப்பம் வெட்டப்பட்டது, உரை இழப்பு' என்று எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். வெட்டிய துண்டு எங்கோ ஓர் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

மையின் கதை தனி. அக்கால மையில் பெரும்பகுதி மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை வைத்தியத்துக்காக விற்கும் அதே மாசிக்காய்தான் என்று சொன்னால் இங்கே உடன் வேலை செய்பவர்கள் வியக்கிறார்கள். எழுதியபோது கறுப்பாக இருந்த எழுத்து இன்று பழுப்பாகியிருக்கிறது. மையின் அமிலம் கூடிய இடங்களில், அழுத்தி எழுதிய கோடுகளில் தாளே அரித்து உதிர்கிறது. கோபத்தில் அடிக்கோடிட்ட சொற்கள்தாம் முதலில் போகின்றன.

ஒளிப்படத்தைக் கையாளும்போது எதிர்த் திசையிலிருந்து தொடங்க வேண்டும். கடிதம் ஒருவருக்கு எழுதியது. இந்தப் படங்கள் விற்பதற்காகவும் கொடுப்பதற்காகவும் எண்ணற்ற பிரதிகளாக அச்சிட்டவை. நான்கேகால் அங்குல அகலமும் ஆறரை அங்குல உயரமும் உள்ள கேபினட் கார்டு 1870-களிலும் 1880-களிலும் கொடிகட்டிப் பறந்தது. முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாள் மிக மெல்லியது, விட்டால் சுருண்டுகொள்ளும் என்பதால் தடித்த அட்டையில் ஒட்டினார்கள். முன்புறத்து முகம் எல்லோருக்கும் தெரிந்தது. எனவே நான் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன். ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும், வாங்கிய பதக்கங்களும், நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போது பிரதி பெறலாம் என்ற அறிவிப்பும் பின்புறத்தில்தான் இருக்கும். ஸ்டுடியோ எந்த ஆண்டு எந்தத் தெருவில் இருந்தது என்பதை நகர முகவரிப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் அட்டையின் காலம் ஓரளவு பிடிபடும். ஆனால் அது அட்டையின் காலம் மட்டுமே. பெயர்பெற்ற ஒருவரின் நெகட்டிவிலிருந்து பத்தாண்டு கழித்தும் பிரதி போட்டிருப்பார்கள். உள்நாட்டுப் போர்க் காலப் படங்களால் பெயர்பெற்ற ஒளிப்படக்காரர் மாத்யூ பிரேடியின் நெகட்டிவ்கள் அவருடைய உறவினர் லெவின் ஹேண்டியிடம் போய், 1954-இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸை அடையும் வரை புழக்கத்தில் இருந்தன.

இந்த வணிகத்தில் படத்தில் இருப்பவருக்குத் தம் முகத்தின் மேல் எவ்வளவு உரிமை இருந்தது என்பது அடிக்கடி என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நியூயார்க்கின் நெப்போலியன் சரோனி, மேடைப் புகழ் பெற்றவர்களுக்குப் பணம் கொடுத்துப் படம் விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். 1882-இல் அமெரிக்கா வந்த ஆஸ்கார் வைல்டை அவர் எடுத்த படத்தை ஓர் அச்சகம் நகலெடுத்து விற்றபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1884-இல் ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பானது. உரிமை கிடைத்தது எடுத்தவருக்கு. 1886 ஜூன் 2 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் குரோவர் கிளீவ்லாந்தை மணந்தபோது 21 வயதாகியிருந்த பிரான்சஸின் படம், அவரைக் கேட்காமலேயே எத்தனையோ பொருட்களின் விளம்பரங்களில் ஏறியது. இதைத் தடுக்க 1888-இல் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தும் நிறைவேறவில்லை. இவற்றுக்கு மாறாக, கேமராவைத் தம் கருவியாகவே ஆக்கிக்கொண்டவர் டக்ளஸ். அவருடைய வெவ்வேறு படங்கள் ஏறத்தாழ 160 கண்டறியப்பட்டுள்ளன; அந்த நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கறுப்பினத்தவரைக் கேலிச் சித்திரமாகவே பார்த்துப் பழகிய நாட்டில், இறுகிய உதடுகளோடும் நேரான பார்வையோடும் ஆண்டுக்கு ஆண்டு அவர் நாற்காலியில் அமர்ந்ததை, அட்டைகளை வரிசையாக அடுக்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது.

கடிதமும் படமும் ஒன்றையொன்று தொடும் இடம், உள்நாட்டுப் போரின் தளபதியும் முன்னாள் அதிபருமான யுலிஸிஸ் கிராண்டின் கடைசி வாரங்கள். 1885 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் மெக்ரிகரில், தொண்டைப் புற்றுநோயால் குரல் போன நிலையில், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கத் தம் நினைவுக் குறிப்புகளை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். தொப்பியும் கழுத்தைச் சுற்றிய துணியுமாக வீட்டு முகப்பில் அமர்ந்து எழுதும் அவருடைய படம் பெயர்பெற்றது. அதே நாட்களில் மருத்துவரிடம் பேச முடியாமல் பென்சிலால் எழுதிக் கொடுத்த சீட்டுகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், நான் ஒரு பிரதிப்பெயர் என்பதைவிட ஒரு வினைச்சொல் என்றே நினைக்கிறேன். இருப்பது, செய்வது, துன்புறுவது, இம்மூன்றும் நான் என்று எழுதினார். ஜூலை 23 அன்று இறந்துவிட்டார். அந்தச் சீட்டுகள் இன்று நம்மிடம் இருப்பது, ஜான் டக்ளஸ் என்ற அந்த மருத்துவர் அவற்றைக் கசக்கி எறியாததால்.

எனவே ஒவ்வொரு பதிவிலும் பெற்றவரின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும் என்று எங்கள் பிரிவில் நான் வற்புறுத்தி வருகிறேன். சொல்வது எளிது. பெற்றவர் பெண்ணாக இருந்தால், உறையில் 'திருமதி' என்ற அடைமொழிக்குப் பின் கணவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1890-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதுமாக இல்லாமல் போய்விட்டதால், 1880-க்கும் 1900-க்கும் இடையில் மணந்து, இடம் மாறி, இறந்துபோன ஒருவரைத் தேட அரசுக் கணக்கு உதவாது. மீண்டும் நகர முகவரிப் புத்தகங்களுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அவற்றிலும் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களுக்கும் சம்பாதிப்பவர்களுக்கும்தான் இடம். கணவன் இறந்த பிறகு வரும் பதிப்பில்தான், இன்னாரின் விதவை என்ற குறிப்போடு, அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் முதன்முறையாக அச்சில் வருகிறது.