‘தேஜஸ் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால்: விமானப்படை நேர்காணலுக்குப் போர் விமானம் படிக்கும் முறை

விமானப்படை அதிகாரி நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் எழுதி, பைலட் பிரிவுக்காக மைசூரு தேர்வு வாரியத்துக்குப் போகும் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பிள்ளைகள் பலர் ஒரே மாதிரிதான் தயாராகிறார்கள். விமானத்தின் பெயர், உச்ச வேகம், ஏவுகணை போகும் தூரம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ‘அது எதனால்?’ என்ற இரண்டாவது கேள்வியிலேயே அந்த நோட்டு தீர்ந்துபோகிறது. எண்கள் கேட்பவருக்கு முன்பே தெரியும். காரணம் உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார். அந்தக் காரணங்களில் பெரும்பகுதி பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம். சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு. பைலட் பிரிவுக்கு பிளஸ் 2-வில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம் இருக்க வேண்டும். டிகிரியில் எவ்வளவு எடுத்திருந்தாலும் இது இல்லாவிட்டால் விண்ணப்பமே நிற்காது.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் டேப் எடுத்து உடம்பை அளந்துவிடுங்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. சுவரில் முதுகு ஒட்ட, பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96 செ.மீ. காலை நேராக நீட்டினால் சுவரிலிருந்து குதிகால் வரை 99 முதல் 120 செ.மீ. மடக்கினால் சுவரிலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை 64 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. இந்தக் கடைசி அளவைப் பலர் கவனிப்பதில்லை. ஆபத்தில் விமானியோடு இருக்கை வெடித்து வெளியேறும்போது தொடை நீளமாக இருந்தால் முழங்கால் முன்பலகையில் அடிபடும். படிப்பில் முதலாவதாக இருப்பவரையும் இந்த அளவு திருப்பி அனுப்பிவிடும்.

அங்கே போனதும் நிரப்பும் படிவத்தில் சொந்த ஊர் எழுதுவீர்கள். கோவை வட்டாரம் என்றால் சூலூர் பற்றிய கேள்விக்குத் தயாராக இருங்கள். 18-வது ஸ்குவாட்ரன் ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’ 2020 மே 27-ல் அங்கே தேஜஸுடன் மீண்டும் தொடங்கியது. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் வானில் நேட் விமானத்தில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் இதே ஸ்குவாட்ரன்காரர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். சாரங் ஹெலிகாப்டர் குழுவும் 5-வது பழுதுபார்ப்பு டிப்போவும் சூலூரில்தான் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பன்னாட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் நடந்ததும் அங்கேதான். இவ்வளவும் பொதுவெளியில் உள்ளவை. ‘எங்க தோட்டத்து மேல தினமும் இத்தனை மணிக்கு இத்தனை விமானம் போகுதுங்க’ என்று ஆர்வத்தில் கணக்குச் சொல்லாதீர்கள். அது அறிவாகத் தெரியாது, வாய் நிற்காதவர் என்றுதான் தெரியும்.

அடுத்து, திரும்புதல். வான்சண்டையின் பாதி இதற்குள் அடங்கும். மைசூரு போகிற வழியில் திம்பம் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏன் வேகம் குறைக்கிறது என்று தெரிந்தவருக்கு இதன் அடிப்படை தெரியும். வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மட்டமாகத் திரும்பும் விமானம் 60 டிகிரி சாய்ந்தால் விமானி உணர்வது 2 ஜி, அதாவது தன் எடையைப்போல இரண்டு மடங்கு. ஆரம் வேண்டுமென்றால், ஜி எண்ணின் வர்க்கத்தில் 1 கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை 9.81-ஆல் பெருக்கி, வேகத்தின் வர்க்கத்தை அதனால் வகுக்க வேண்டும். 6 ஜி-யில் நொடிக்கு 200 மீட்டர் வேகம் என்றால் ஆரம் சுமார் 690 மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு 22 நொடி. அதே 6 ஜி, வேகம் 300 மீட்டர் என்றால் ஆரம் 1,550 மீட்டர். வட்டத்துக்கு 32 நொடிக்கு மேல். வேகமாகப் போகிறவர் சண்டையில் பின்தங்குவது இப்படித்தான். இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். முடியாது. ஸ்டால் வேகம், அதாவது இதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது என்ற வேகம், ஜி எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 4 ஜி-யில் இரண்டு மடங்கு. ஆகவே விமானச் சட்டகம் தாங்கும் உச்ச ஜி-யை இறக்கையால் தர முடிகிற மிகக் குறைந்த வேகம் ஒன்று உண்டு. கார்னர் வேகம் என்பார்கள். அதற்குக் கீழே இறக்கை கைவிடும், மேலே ஆரம் விரியும்.

இங்கிருந்து தேஜஸுக்கு வாருங்கள். அது வால் இறக்கை இல்லாத டெல்டா, அதாவது முக்கோண இறக்கை விமானம். எடைக்கு ஏற்ற அகன்ற பரப்பு இருப்பதால் ஒரு நொடி மூக்கைச் சட்டென்று திருப்புவதில் கெட்டி. ஆனால் குட்டையான டெல்டா இறக்கை கடும் திருப்பத்தில் இழுவையைக் கூட்டும். திரும்பிக்கொண்டே இருந்தால் வேகம் கரையும். மிராஜ் 2000-க்கும் இதே குணம்தான். உடனடித் திருப்ப வீதம் ஒன்று, நீடித்த திருப்ப வீதம் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பதில் தனியாகத் தெரியும்.

உந்துவிசை-எடை விகிதமும் இப்படித்தான். தேஜஸ் மார்க் 1-ன் எஃப்404 இன்ஜின் ஆஃப்டர்பர்னரோடு (பின்புறம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) தருவது சுமார் 84 கிலோநியூட்டன். வெளியே ஆயுதம் எதுவும் மாட்டாமல் 9,800 கிலோவில் கிளம்பினால் விகிதம் 0.87; உச்ச எடையான 13,500 கிலோவில் 0.63. இரண்டும் ஒரே விமானம். எந்த எடையில் என்று சொல்லாமல் விகிதம் மட்டும் சொல்பவர் பட்டியலைப் பார்த்துப் படித்தவர் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். சுகோய்-30எம்கேஐ-யின் திசைதிரும்பும் இன்ஜின் முனையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. குறைந்த வேகத்தில் மூக்கைத் திருப்பலாம், ஆனால் அதற்குச் சக்தியைச் செலவழிக்க வேண்டும். ஒருவனை அடித்துவிட்டு நிற்கும்போது இரண்டாமவன் வந்தால் ஓட வேகம் இருக்காது. உயரத்தையும் வேகத்தையும் ஒரே கணக்கில் பார்க்கப் பழகுங்கள்: 5 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 250 மீட்டர் வேகம் என்பது சக்திக் கணக்கில் 8.2 கி.மீ. உயரத்துக்குச் சமம்.

ஏவுகணைத் தூரம்தான் அதிகம் தப்பாகச் சொல்லப்படுகிறது. விளம்பரத்தில் வருவது உயரத்தில், வேகமாகப் பறந்து, எதிரே வரும் இலக்கை நோக்கி ஏவும்போது கிடைக்கும் தூரம். இலக்கு திரும்பி ஓடினால் அது பல மடங்கு சுருங்கும். ரேடாரில் ஒரு கணக்கு போதும். எதிரொலியின் வலு தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது; கண்டறியும் தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் திறன் 16 மடங்கு வேண்டும். டாப்ளர் விளைவைப் படித்தவருக்கு இன்னொன்றும் புரியும். ரேடாருக்குக் குறுக்கே செங்குத்தாகப் பறக்கும் விமானம் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அதனால் அது தரையின் எதிரொலியோடு கலந்து மறையலாம்.

உடம்பின் கணக்கையும் கேட்பார்கள். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையில் சுமார் 30 செ.மீ. ரத்தத் தூண், ஒவ்வொரு ஜி-க்கும் 22 மி.மீ. பாதரச அழுத்தம் குறையும். 120-ல் இருந்து கழித்துக்கொண்டே போங்கள். நாலரை ஜி-யில் கண் மட்டத்தில் மிஞ்சுவது 20 சொச்சம். கண்ணுக்குள் ஏற்கெனவே கிட்டத்தட்ட அதே அழுத்தம் இருப்பதால் பார்வை முதலில் போகிறது, நினைவு பிறகு. ஜி மெதுவாக ஏறினால் பார்வை மங்குவது எச்சரிக்கையாக இருக்கும். சட்டென்று ஏறினால் அந்த எச்சரிக்கை வராமலே மயங்கலாம், மூளையில் உள்ள ஆக்சிஜன் சில நொடிக்குத்தான். ஜி-உடை உதவுவது சுமார் 1 முதல் 1.5 ஜி. மீதியைக் கால், தொடை, வயிற்றுத் தசையை இறுக்கி, 3 நொடிக்கு ஒருமுறை மூச்சை மாற்றிச் சமாளிக்க வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் தாங்கும் அளவு இறங்கிவிடும்.

பயிற்சியின் வரிசையில் தடுமாற வேண்டாம். துண்டிகல் அகாடமியில் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம், பிறகு கிரண், போர் விமானப் பிரிவுக்குப் போவோருக்கு பீதரில் ஹாக். வான்சண்டை ஒருவருக்கு ஒருவர் என்று தொடங்கும்: தாக்கும் நிலை, தற்காக்கும் நிலை, நேருக்கு நேர். பிறகு இருவருக்கு இருவர், அப்புறம் வேறு வகை விமானத்தோடு. உச்சப் பயிற்சிக்கு குவாலியரில் உள்ள வான்சண்டை உத்திப் பள்ளியான டாக்டே. பறக்கும் நேரத்தைவிடப் பறந்த பின் நடக்கும் அலசல் நீளம். அங்கே முதலில் நடந்ததை மட்டும் நேர வரிசையில் அடுக்குகிறார்கள். யார் சரி என்ற பேச்சு அப்புறம்தான். பிழையை மூன்றாகப் பிரிப்பார்கள்: தப்பாகப் பார்த்ததா, சரியாகப் பார்த்துத் தப்பாக முடிவெடுத்ததா, முடிவு சரி, கைதான் தவறியதா. உங்கள் மாதிரித் தேர்வுத் தாளையும் இப்படிப் பிரியுங்கள். கேள்வியைத் தப்பாகப் படித்தவர் இன்னும் நூறு கணக்கு போட்டாலும் மதிப்பெண் ஏறாது.

நேர்காணல் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். மேலே உள்ளவற்றைத் தமிழில் புரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் நான்கு ஆங்கில வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

கடைசியாக சிபிஎஸ்எஸ் எனும் கணினிவழி பைலட் திறன் சோதனை. இது வாழ்நாளில் ஒரே முறை. தவறினால் விமானப்படையில் பைலட் கதவு மூடிவிடும், மற்ற பிரிவுகள் திறந்தே இருக்கும். கருவிகளைப் படிக்கும் பகுதியில் பலர் விழுவது விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானத்தில்: விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் கோடு இடப்பக்கம் சாய்ந்து தெரியும். கை-கால் பகுதியில் திரையில் உள்ள புள்ளி விலகியதும் பதறிப்போய்க் கட்டுப்பாட்டுக் கட்டையை முழுதாகத் தள்ளுவார்கள். புள்ளி மறுபக்கம் பாயும், மறுபடி தள்ளுவார்கள், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். சிறிதாக நகர்த்தி உடனே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கம் சொல்லும்போது ஏதாவது புரியாவிட்டால் அப்போதே கையைத் தூக்கிக் கேட்டுவிடுங்கள்.