எந்தக் கை

அக்டோபர் 12, ஞாயிறு

என்னிடம் கிட்டார் படிக்க வந்த பிள்ளைக்கு எந்தக் கை என்பதை, எழுதுகிற கையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாளைக்கு மனம் மாறினாலும் இது மாறக் கூடாது என்று முதல் வரியாக எழுதி வைக்கிறேன்.

சின்னவள் எழுதுவது வலது கையில். சாப்பிடுவதும் அதில்தான். இரண்டும் வீட்டில் பழக்கிவிட்டது. பென்சிலைப் பீச்சாங்கையில் எடுத்தபோதெல்லாம் பிடுங்கி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் பழக்காத வேலைகளைத்தான் பார்க்க வேண்டும்: குப்பி மூடி திறக்கிற கை, கல் எறிகிற கை, தூத்துவாரும்போது துடைப்பத்தின் அடியில் இருக்கிற கை, ஊசியில் நூல் கோக்கும்போது அசைகிற கை. நான்கும் இடது.

அக்டோபர் 14

"சாரே, வலதுலயே படிக்கட்டும். சபையில கெடக்க கிட்டாரு எல்லாம் வலதுலா."

சின்னவளின் அம்மா சொல்வதில் தவறு இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கிட்டார் முதலில் கைக்கு வருவது சபையிலிருந்து, ஓய்வுநாள் பள்ளியிலிருந்து, இல்லையென்றால் வீட்டில் மூத்தவனிடமிருந்து. வலதில் படித்தவள் எந்த வீட்டில் கிட்டார் கிடந்தாலும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இடதில் படித்தவள் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டே அலைய வேண்டும். நாகர்கோவிலில் சுவர் நிறைய கிட்டார் தொங்குகிற கடையிலும் இடது ஒன்று கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரும். பழைய கிட்டார் விலைக்கு வருமா என்றால் அதுவும் வராது.

இரண்டாவதாக ஒன்று சொன்னார். ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டங்களில்) விரல் வைப்பது இடது கைதானே, இடக்கைக்காரிக்கு அது எளுப்பம்லா என்று.

அக்டோபர் 15, இரவு

அந்த இரண்டாவது வாதம் தூங்க விடவில்லை.

ஃப்ரெட் பிடிப்பது பலமான கைக்குரிய வேலை என்றால், வலக்கைக்காரர்கள் எல்லோரும் ஏன் அதை இடது கைக்குக் கொடுத்தார்கள்? தாளம் இருப்பது மீட்டுகிற கையில் என்பதால்தான். ஃப்ரெட் கை ஒரு நொடி பிந்தினால் ஒரு கார்ட் (சேர்த்து மீட்டுகிற ஸ்வரங்கள்) மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். மீட்டுகிற கை நின்றால் பாட்டே நிற்கும். சபையில் நூறு பேர் பாடும்போது அத்தனை பேரும் அந்த மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஆனாலும் முதல் ஆறு மாதம் பிள்ளையை அழவைப்பது எந்தக் கை? ஃப்ரெட் கை. விரல் நுனி எரிகிறது, சி கார்டுக்கு மோதிர விரல் எட்டவில்லை, எஃப் வந்ததும் கிட்டார் மூலைக்குப் போகிறது. அந்த நாட்களில் மீட்டுவது வெறும் கீழ்வீச்சு, எந்தக் கையும் செய்யும். அதனால் அம்மா சொல்வது ஆரம்பத்துக்குச் சரி. மேலும் கீழுமாக வேகமாக வீசும்போது, ஒரு வீச்சைக் கம்பியில் படாமல் காற்றில் விடும்போது, பெருவிரல் ஒரு தாளத்திலும் மற்ற விரல்கள் வேறொன்றிலும் போகும்போது அது சரியாக இருக்காது. அதற்குள் இரண்டு வருடம் போயிருக்கும். பிறகு கை மாற்றினால் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும், எந்தப் பிள்ளையும் அதற்குச் சம்மதிக்காது.

முடிவை இந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும். கேரலுக்கு ஏழு வாரம்தான்.

அக்டோபர் 16

மார்க் நாப்ளர், கேரி மூர், ராபர்ட் ஃபிரிப். மூவரும் பேர்பெற்ற கிட்டார் கலைஞர்கள், மூவரும் இடக்கைக்காரர்கள், மூவரும் வலதில் வாசித்தவர்கள். இதையும் மறக்கக் கூடாது.

அக்டோபர் 18

முதல் சோதனை. பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் கம்பிகளைக் கட்டுகிற கட்டைக்கு) அருகே கம்பிகளுக்கு அடியில் துணியை மடித்துச் செருகினால் சுருதி கேட்காது, "டக் டக்" மட்டும்தான். அவள் அண்ணனுடைய கிட்டாரையே நேராகப் பிடித்து வலது கையால் இரண்டு நிமிடம், தலைகீழாகத் திருப்பி இடது கையால் இரண்டு நிமிடம். மெட்ரோனோம் (தாளம் தட்டுகிற கருவி) நிமிடத்துக்கு 60. முதலில் கீழ்வீச்சு மட்டும், பிறகு கீழும் மேலும். கடைசியில் மீட்டிக்கொண்டே அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். வாய் பேசும்போது பழகாத கை தடுமாறும், பழகிய கை தன்பாட்டுக்குப் போகும். இந்தக் கடைசிப் பகுதிதான் சோதனை, முன்னால் உள்ளது கை சூடாவதற்கு.

கவனிக்க வேண்டியவை: வீச்சு மணிக்கட்டிலிருந்து வருகிறதா, முழங்கையிலிருந்தா. தோள் ஏறுகிறதா. கண் கையைப் பார்க்கிறதா.

இன்று வலதில் நான்காவது பெயரில் நின்றாள். இடதில் பதினொன்று. ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று வேறு நாட்கள் வேண்டும், எந்தக் கை முதலில் என்பதையும் மாற்றிப் போட வேண்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. இடது 3/4 (முக்கால் அளவு) கிட்டார் பற்றிக் கடையிலிருந்து பதில் இல்லை.

அக்டோபர் 22

இரண்டாம் சோதனையில் இடது முதலில். வலதுக்கு வரும்போது களைப்பு, அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. வலதில் தோள் காதுவரை ஏறுகிறது.

அக்டோபர் 25

மூன்றாவதும் அதுவே.

அக்டோபர் 26, ஞாயிறு

"ஹெண்ட்ரிக்ஸ் திருப்பிப் போட்டுத்தானே வாசிச்சாரு, இதையே திருப்பிக் கட்டிருவோம்" என்கிறான் அண்ணன். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடக்கையால் வாசித்த கிட்டார் கலைஞர், ஆனால் அவர் திருப்பியது எலக்ட்ரிக். வலது ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கவிழ்த்து, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டினார். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி சேடில் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற துண்டு), திருப்புளி வைத்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். அண்ணனுடையது இரும்புக் கம்பி அகூஸ்டிக், 12–53 செட் (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும், அங்குலத்தில் ஆயிரத்தின் கணக்கில்). அதன் சேடில் சாய்வாகப் பதித்தது: தடித்த கம்பிக்கு நீளம் கூட, மெல்லியதற்குக் குறைவு. திருப்பிக் கட்டினால் தடித்த கம்பிகள் நீளம் போதாமல் மேலே போகப்போகச் சுருதி ஏறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்புகிற ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் பார்த்தாலே தெரிந்துவிடும். சரிசெய்ய பிரிட்ஜில் பள்ளத்தை அடைத்து எதிர்ச்சாய்வில் புதிதாக வெட்ட வேண்டும். அந்த விலை கிட்டாருக்கு அந்த வேலை கட்டாது.

அதோடு 12–53 எட்டு வயசு விரலுக்கு ஆகாது. குளச்சல் உப்புக்காற்றில் அந்தக் கம்பி துருவேறி அரம் மாதிரி கிடக்கிறது.

நைலான்தான். 3/4.

நவம்பர் 1

மாவட்ட விடுமுறை. பாட்டியும் வந்திருந்தார். "காணிக்கை போடுகதே சோத்துக்கையில. கர்த்தருக்குப் பாடுகதுக்கு மட்டும் பீச்சாங்கையா மக்களே?"

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டிக்கு மனம் ஒப்பாவிட்டால் அந்த வீட்டில் கிட்டார் பையைவிட்டு வெளியே வராது. மிருதங்கத்தில் இடக்கை வித்வான்கள் வலந்தலையை இடப்பக்கம் வைத்து வாசிப்பதையும், மேடையில் வயலினோடு இடம் மாறி உட்காருவதையும் சொன்னேன். பாட்டி அசையவில்லை. நியாயாதிபதிகளில் ஏகூத் இடக்கைக்காரன், பென்யமீன் கோத்திரத்தில் மயிரிழை தப்பாமல் கவண் எறிந்த எழுநூறு பேரும் இடக்கைக்காரர்கள் என்றதும் வேதாகமத்தை எடுத்து அவரே வாசித்துப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 2

இடது கிட்டார் பற்றிக் கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. மூன்று வாரமாக இதே கதை.

நவம்பர் 4

யாரும் பார்க்காதபோது அவள் அண்ணனுடைய கிட்டாரைத் தலைகீழாக வைத்து ஈ மைனர் கார்ட் பிடிக்கிறாள். கம்பி மாற்றாமலே. மெல்லிய கம்பி மேலே, தடித்தது கீழே. இரண்டு விரல், தெளிவாகக் கேட்கிறது.

இப்படியும் ஒரு வழி இருப்பதை மறந்தே போயிருந்தேன். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் இப்படித்தான் வாசித்தார், பெருவிரலில் மெட்டு, மற்ற விரல்களில் பாஸ் (தடித்த கம்பிகளின் தாழ்ந்த ஒலி). ஆல்பர்ட் கிங்கும் கம்பி மாற்றாமல்தான். எந்தக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம், அம்மாவின் கவலை தீர்ந்துவிடும். ஆனால் கீழ்வீச்சில் முதலில் மெல்லிய கம்பி கேட்கும், பாஸ் கடைசியில் விழும், சபைப் பாட்டுக்குத் தேவையான அழுத்தம் தலைமாறிப்போகும். எந்த கார்ட் படமும் பொருந்தாது. விரல் வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளும் கிடையாது. தனியாகத் தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் அது.

ஒன்று மட்டும் தெளிந்தது. கேட்பாரில்லாதபோது அவள் கை எங்கே போகிறது என்பது. இடது.

நவம்பர் 6

காத்திருக்கப் போவதில்லை. வலது 3/4 நைலான் ஒன்று வாங்கியாயிற்று, மாற்றிக் கட்டுவோம். கிளாசிக்கலில் (நைலான் கம்பி கிட்டாரில்) சேடில் நேராக இருப்பதால் அண்ணன் கிட்டாரில் உள்ள சிக்கல் இங்கே இல்லை. சேடிலை உருவி, முனை மாற்றித் திருப்பிச் செருகினால் உயரமான பக்கம் தடித்த கம்பிக்கு வந்துவிடும். பசை இல்லை.

நட்தான் வேலை, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காருகிற பட்டை அது. இன்றைக்கு அவசரத்தில் கம்பிகளை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தது வீண். கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தின் கணக்கில், ஆறாவதிலிருந்து முதலாவது வரை: 43, 35, 29, 40, 32, 28. நைலானில் மூன்றாம் கம்பி நான்காவதைவிடத் தடிமன், பலர் இதைக் கவனிப்பதில்லை. வரிசையைத் திருப்பினால் 29 பள்ளத்தில் 40 வந்து உட்காராமல் மேலே நிற்கிறது. 40 பள்ளத்தில் 29 ஆடுகிறது. 28 பள்ளத்தில் 43 ஏறவே இல்லை.

நட்டையே முனை மாற்றித் திருப்பினால் அகலம் சரியாகிவிடும். ஆனால் பள்ளங்கள் தலைப்பக்கமாகச் சரிந்து வெட்டியவை. திருப்பினால் சரிவு ஃப்ரெட் பக்கம் வரும், கம்பி பின்விளிம்பில் தாங்கும், "ஸ்ங்ங்" என்று இரையும். புது நட்.

நவம்பர் 9, ஞாயிறு

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினேன். நட்டின் ஓரங்களில் வார்னிஷைக் கத்தியால் கீறிவிட்டு, பக்கவாட்டில் மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டியதும் வந்துவிட்டது. கீறாமல் தட்டினால் வார்னிஷ் சில்லாகப் பெயரும். எலும்பு நட் அராவ இரண்டு மணி நேரம். ஆழத்துக்குக் கணக்கு: மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. கூடுதலாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் பிள்ளைக்கு விரல் வலிக்கும். இல்லாமலே போனால் திறந்த கம்பி இரையும், அதற்குப் பிறகு வேறு நட்தான். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அரம் வேகமாக ஓடும்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு 3 மில்லிமீட்டர், முதலாவதுக்கு 2.5.

நவம்பர் 12

கார்ட் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வரைந்து கொடுத்தாயிற்று: ஈ மைனர், ஜி, சி, டி. டாப் (tab) தாளை மாற்ற வேண்டாம், அது கம்பி எண்ணையும் ஃப்ரெட் எண்ணையும் மட்டும்தான் சொல்கிறது. எதிரே உட்கார்ந்தால் இரண்டு கிட்டாரும் கண்ணாடிபோல ஒரே பக்கம் நீள்கின்றன, "என் விரல் இருக்க இடத்துல வை" என்றால் போதும். வலக்கைப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை.

கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட்டுகளைக் காட்டுகிற பக்கப் புள்ளிகள் கீழ் ஓரத்தில் போய்விட்டன, அவளுக்குத் தெரியாது. மேல் ஓரத்தில் 5, 7, 12க்கு வெள்ளை நகப்பூச்சு.

நவம்பர் 13

பாட்டி கேட்டாராம், வகுப்பு எத்தனை மணிக்கு என்று.

நவம்பர் 15

முதல் கம்பி பிரிட்ஜில் நழுவிவிட்டது. மெல்லிய நைலானுக்கு ஒரு சுற்றுப் போதாது, மூன்று சுற்றி நுனியைக் கட்டையின் பின்விளிம்புக்குக் கீழே அமுக்க வேண்டும். மாற்றிக் கட்டும்போது பழக்கதோஷத்தில் தடித்த கம்பிக்குப் போடுகிற ஒரு சுற்று விழுந்துவிட்டது. முன்பலகையில் சிறு குழி.

நவம்பர் 18

மெட்ரோனோம் 60, ஈ மைனரிலிருந்து ஜி. வகுப்புப் பெயர்கள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, பக்கத்து வகுப்புப் பெயர்களுக்குப் போய்விட்டாள். தோள் இறங்கி இருக்கிறது.

நவம்பர் 19

நல்ல மழை. மூன்றாம் கம்பி இன்னும் இழுபடுகிறது. நாளைக்கும் சுருதி பார்க்க வேண்டும்.