முயல் இல்லாத மலை

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீர் ரைடில் முன் வரிசையில் உட்காரக் கூடாது. தெரிந்தேதான் உட்கார்ந்தேன். எல்லாம் என் தம்பியால்.

"முன்னாடி உட்கார்ந்தாதான்க்கா அது ஸ்பிளாஷ் மவுன்டன்" என்றான்.

"அது இப்ப ஸ்பிளாஷ் மவுன்டனே இல்லையேடா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

2024 தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அட்லாண்டாவில் என் வீட்டிலிருந்து விடியற்காலை கிளம்பி, ஐ-75 நெடுஞ்சாலையில் ஏழு மணி நேரம் ஓட்டி ஒர்லாண்டோ போய்ச் சேர்ந்திருந்தோம். தம்பி, அவன் மனைவி, ஒன்பது வயது மகள், நான். டிபன் டப்பாவில் புளியோதரை. மறுநாள் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நுழைந்ததும் தம்பி வேறெங்கும் பார்க்காமல் நேராக ஃப்ரன்டியர்லேண்ட் பக்கம் நடந்தான். அமெரிக்கா வந்த புதிதில் இந்த ரைடில் எடுத்த போட்டோ இன்றும் அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது: வாயைப் பிளந்தபடி நாலு பிரம்மச்சாரிகள், பின்னால் ஒரே தண்ணீர்ப் புகை. அந்த மலையைத்தான் 2023 ஜனவரியில் மூடி, 2024 ஜூனில் 'டியானாஸ் பேயூ அட்வென்சர்' என்று வேறு பெயரில் திறந்தார்கள்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். சண்டை போட அது போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1946-இல் டிஸ்னி 'சாங் ஆஃப் தி சவுத்' என்றொரு படம் எடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தோட்டம் ஒன்றில், அங்கிள் ரீமஸ் என்ற கறுப்பினக் கிழவர் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்குக் கதை சொல்லுவார். அடிமை வாழ்வு இப்போதுதான் முடிந்தது என்ற சுவடே இல்லாமல் எல்லோரும் பாடிக்கொண்டு திரிவார்கள். வந்தபோதே எதிர்ப்பும் வந்தது. அமெரிக்காவில் இன்றுவரை அது வீடியோவாகவோ டிவிடியாகவோ வரவில்லை, 1986-க்குப் பிறகு தியேட்டரிலும் இல்லை. ஆனால் மூன்றே வருடத்தில், 1989-இல், அதே படத்தின் முயலையும் நரியையும் கரடியையும் வைத்து கலிபோர்னியாவில் ஒரு மலை கட்டினார்கள். 1992-இல் ஃப்ளோரிடாவிலும் டோக்கியோவிலும் ஒவ்வொன்று. படத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதன் பாட்டை மட்டும் மலைக்குள் ஓடவிட்ட சாமர்த்தியத்தை என்ன சொல்ல. (யோசனை சொன்ன டிஸ்னி வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டருக்கு அது டிராஃபிக்கில் மாட்டியிருந்தபோது தோன்றியதாம். அட்லாண்டா டிராஃபிக்கில் எனக்கு இத்தனை வருஷமாக ஒன்றும் தோன்றவில்லை.)

"ரைடுல அந்தக் கிழவரே இல்லக்கா. முயல், நரி, அவ்வளவுதான். அந்தப் படத்த எவன் பார்த்தான்? நரி முயலப் பிடிக்க வைக்கிற தார் பொம்மையக்கூட எடுத்துட்டுத் தேன்கூடு வச்சிருந்தாங்க" என்றான் தம்பி.

அவன் சொன்னது உண்மைதான். 2020 ஜூனில் மாற்றத்தை அறிவித்ததும் ரசிகர்கள் சொன்னதும் இதையேதான். மாற்றச் சொல்லி ஒரு மனு, மாற்றாதே என்று இன்னொரு மனு. கடைசி நாட்களில் ரைடுத் தண்ணீர் என்று சொல்லி ஜாடியில் பிடித்து இ-பேயில் விலை போட்டவர்கள்கூட உண்டு. கங்கைத் தீர்த்தம் மாதிரி.

நான் அவனிடம் ரென்ஸ் நெஸ்ட் பற்றிச் சொன்னேன். அட்லாண்டாவின் வெஸ்ட் எண்ட் பகுதியில் இருக்கும் பழைய வீடு. தபால் பெட்டியில் ரென் என்ற, சிட்டு மாதிரி ஒரு குருவி கூடு கட்டியதால் வந்த பெயர். ரீமஸ் கதைகளை எழுதிய ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் அங்கேதான் வாழ்ந்தார். ஹாரிஸ் வெள்ளைக்காரர், பத்திரிகைக்காரர். சிறுவயதில் ஜார்ஜியாவில் ஒரு தோட்டத்தில் அச்சுக் கோக்கும் வேலைக்குப் போனபோது, அங்கிருந்த அடிமைகளின் வாயால் இந்தக் கதைகளைக் கேட்டார். அவர் காலத்துக்குப் பிறகு வீடு மியூசியம் ஆனது. கதையைச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளை 1960களின் கடைசி வரை உள்ளே விடவில்லை. படம் முதன்முதலில் திரையிடப்பட்டது எங்கள் ஊர் ஃபாக்ஸ் தியேட்டரில். ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட்டால் அந்த விழாவுக்கு வர முடியவில்லை, நிறப் பிரிவினை. 1948-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அதே வருடம் இறந்துபோனார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஆனா முயல் என்ன பண்ணுச்சு?" என்றான்.

பதில் சொல்வதற்குள் படகு வந்துவிட்டது.

தடம் பழையதுதான். மரக்கட்டை வடிவப் படகும், மேலே ஏறும்போது வரும் கடகட சத்தமும் அப்படியே. மாறியது உள்ளே. டியானா, 2009-இல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்தின் நாயகி, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. நியூ ஆர்லியன்ஸில் உணவகம் வைத்திருந்த லியா சேஸ் என்ற அம்மையார்தான் அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. ரைடில் டியானா மார்டி கிரா திருவிழா விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடி சதுப்பு நிலத்துக்குப் போகிறாள். பொம்மைகளின் முகம் அசைவதைப் பார்த்து அசந்துபோனேன். டியானா புருவத்தை உயர்த்தி, தலையைச் சாய்த்து எங்கள் படகைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த குட்டி பதிலுக்குக் கையாட்டினாள். மின்மினிகள், நீர்நாய், தவளைகள், ஜாஸ் இசை. அழகு, சந்தேகமில்லை.

பிறகு உச்சியில் 'மாமா ஓடி' (Mama Odie) என்ற பாட்டி நம்மை அனுப்பிவைக்கிறாள். சட்டென்று வெளிச்சம். கீழே சுமார் 50 அடி. ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை, அப்புறம் மடியில் ஒரு குடம் தண்ணீர் கொட்டின மாதிரி இருந்தது. சாக்ஸுக்குள் வரை.

நனைந்துகொண்டே யோசித்தது இதுதான்: ஏன் விழுந்தோம்? பழைய ரைடில் அதற்குக் காரணம் இருந்தது. நரி பிடித்துவிடும். "என்ன வேணா பண்ணு, அந்த முட்புதர்ல மட்டும் போட்டுடாதே" என்று முயல் கெஞ்சும். நரி நம்பிப் போடும். முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான். அந்த வீழ்ச்சிதான் தப்பித்தல். சவுக்கு வைத்திருப்பவனைப் பலத்தால் வெல்ல முடியாதவர்கள் இருட்டில் உட்கார்ந்து தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதை அது. சிங்கத்தைக் கிணற்றுக்குள் குதிக்கவைத்த நம் பஞ்சதந்திர முயலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். புதிய ரைடில் துரத்துகிறவன் யாரும் இல்லை, விருந்துக்குத் தாமதமாகிவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து.

மாற்றியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தோட்ட முதலாளி போட்டுவிட்ட சட்டையை எத்தனை நாள் அந்த முயல் போட்டுக்கொண்டிருக்கும்? ஆனால் நான் படித்த வரையில், இரண்டு பக்கமும் இத்தனை சத்தம் போட்டவர்களில் முயலுக்காக அழுதவர்கள் அதிகம் இல்லை. ஒருவர் தன் சின்ன வயசுக்காக அழுதார், இன்னொருவர் நிறுவனத்தைத் திட்டினார்.

போட்டோ கவுன்டரில் எங்கள் படம் வந்திருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். தம்பி மட்டும் ஃப்ரிட்ஜ் போட்டோவில் இருக்கிற மாதிரியே வாயைப் பிளந்திருந்தான், தலையில்தான் முடி இல்லை.

திரும்பும் வழியில் வால்டோஸ்டா தாண்டியதும் குட்டிக்கு முட்புதர்க் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சூப்பர் அத்தை. இந்த முயல் ரைடு எங்க இருக்கு?" என்றாள்.

"டோக்கியோவுல மட்டும் மிச்சம் இருக்குடா."

முன் சீட்டில் தம்பி ஃபோனை எடுத்தான். அவன் மனைவி ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உள்ள வைங்க அதை" என்றாள்.